எட்டு வாரம் கேட்கிறேன், எட்டே எட்டு வாரம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவங்க கடைசி வரைக்கும் படிங்க. திட்டணும்னு நினைக்கிறவங்களும் முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க, நான் கேட்டுக்கிறேன்.

முந்தாநாள் ராத்திரி எங்க கோயில் தொண்டர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் வந்தது. "ஸ்டோர்ல பூனை குட்டி போட்டிருக்கு. கொடியேற்றத்துக்கு முன்னாடி யாராவது எடுத்துட்டுப் போய் பாசார்ல விட்டுடுங்க." அதுக்குக் கீழே வரிசையா கட்டைவிரல், வரிசையா கும்பிடு கை. ஒருத்தர்கூட வேண்டாம்னு எழுதவில்லை. நானும் எழுதவில்லை. அன்னிக்கு எனக்கு நைட் ஷிப்ட், லைன்ல ஒரு மெஷின் நின்னு போயிருந்தது, போனைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு வேலையைப் பார்த்தேன். ஆனா விடியற வரைக்கும் மனசு ஒரு நிலையில இல்லை. அதனாலதான் இன்னிக்கு உட்கார்ந்து எழுதுறேன்.

என்னைத் தெரியாதவங்களுக்கு: பிறைப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் சுப்பவைசர். படிப்பு ஐந்தாம் படிவத்தோட சரி. கோயில்ல இருபது வருஷத்துக்கு மேல தொண்டு. அன்னதானத்துக்கு அரிசி கழுவுறதுல இருந்து திருவிழாவுக்கு கார் நிறுத்துற இடம் பார்க்கிற வரைக்கும் எல்லாம் செஞ்சிருக்கேன். மிருக டாக்டர் இல்லை. பூனை பிரியன்னு பேர் எடுத்தவனும் இல்லை. எங்க வீட்ல பூனையே கிடையாது.

அப்புறம் ஏன் இவ்வளவு பேச்சுன்னு கேட்டா, போன வருஷம் அந்தக் குட்டிகளைக் கொண்டு போய் விட்டது நான்தான்.

ஆமா. அதே பூனை. மூணு நிறம் கலந்த கம்போங் பூனை, பிள்ளைங்க மஞ்சுன்னு கூப்பிடுதே, அதுதான். போன வருஷமும் திருவிழா நேரம் பார்த்து குட்டி போட்டது. மூணு குட்டி. கண்ணு திறக்கலை. நிர்வாகத்துல சொன்னாங்க, நான் சரின்னு ஒரு மைலோ பெட்டியில போட்டு, என் கார்லயே எடுத்துட்டுப் போய், மீன் கடை பக்கம் வச்சிட்டு வந்தேன். "மீன் வாசனை இருக்கு, யாராவது நல்லவங்க எடுத்துக்குவாங்க"ன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். கண்ணு திறக்காத குட்டி மீனை என்ன பண்ணும்? அந்த யோசனைகூட எனக்கு அன்னிக்கு வரலை.

திரும்பி வந்தப்போ மஞ்சு ஸ்டோர் வாசல்ல நின்னுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு மூணு நாள் அது போட்ட சத்தத்தைக் கேட்டவங்க இந்தக் குரூப்லயே இருக்கீங்க. தேர் அலங்காரம் பண்ணிக்கிட்டு இருந்தோம். காவடிச் சட்டம் ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி போய்ப் பார்க்கும், கத்தும், அடுத்ததுக்குப் போகும். வயித்துக்குக் கீழே பால் கட்டி வீங்கிப் போயிருந்தது. அன்னிக்கு ராத்திரி மைக்ல "தாயே, கருமாரி"ன்னு பாட்டு போகுது, நான் கீழே உட்கார்ந்து அன்னதானத் தட்டு கழுவுறேன், அந்தப் பூனை என் காலைச் சுத்திச் சுத்தி வருது. என்கிட்ட கேட்குதோன்னு தோணுச்சு. எழுந்து வீட்டுக்குப் போயிட்டேன்.

இதை நான் பெருமைக்காக எழுதலை. இந்த வருஷம் அந்தப் பெட்டியைத் தூக்கப் போற தம்பிக்காக எழுதுறேன். தம்பி, தூக்கிட்டுப் போறது அஞ்சு நிமிஷ வேலை. அப்புறம் ஒரு வருஷம் மனசுல இருக்கும்.

இப்ப விஷயத்துக்கு வரேன்.

மஞ்சு குட்டி போட்டு இன்னியோட ஒன்பது நாள். நாலு குட்டி. பழைய கம்பளம் சுத்தி வச்சிருக்கிற மூலையில இருக்கு. பூனைக்குட்டி பிறக்கும்போது ஏறக்குறைய நூறு கிராம்தான், ரெண்டு கோழிமுட்டை கனம்கூட இல்லை. கண்ணு மூடியிருக்கும், காதும் மடங்கியிருக்கும். தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாத்திக்கத் தெரியாது. தாயோட வயித்துச் சூடுதான் அதுக்கு உயிர். முதல் மூணு வாரம் போல தானா மூத்திரம்கூடப் போகத் தெரியாது. தாய் நாக்கால நக்கிவிட்டாத்தான் போகும். இது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. போன வருஷம் மனசு உறுத்தி, ஒரு மிருக கிளினிக்கில் போய்க் கேட்டப்போதான் அந்த டாக்டரம்மா சொன்னாங்க. அதைக் கேட்டப்புறம் அந்த மைலோ பெட்டியில நடந்தது என்னன்னு எனக்குப் புரிஞ்சு போச்சு. விளக்கமா எழுத விரும்பலை.

கண்ணு திறக்க ஒரு வாரத்துல இருந்து ரெண்டு வாரம் ஆகும். தள்ளாடி நடக்க மூணு வாரம். வாயில திட உணவு வைக்க நாலு வாரம். பால்குடி மறந்து தனியா சாப்பிட எட்டு வாரம். இவ்வளவுதான் கணக்கு. எட்டு வாரம், ஐம்பத்தாறு நாள்.

நம்ம நாட்டில் வேலை பார்க்கிற பெண்களுக்குப் பிரசவ விடுமுறை 60 நாளா இருந்தது. 2023 ஜனவரி 1-லிருந்து 98 நாள் ஆக்கிட்டாங்க. எங்க லைன்ல அந்த விடுமுறை எடுத்துட்டுத் திரும்பி வந்த பெண்களை நான் பார்த்திருக்கேன். 60 நாள்ல வந்தவங்க முகம் வேற, 98 நாள்ல வந்தவங்க முகம் வேற. மனுஷத் தாய்க்கு 98 நாள் நியாயம்னு நம்ம எல்லாரும் கைதட்டினோம். இந்தப் பூனைத் தாய்க்கு நான் கேட்கிறது 56 நாள். அதுல ஒன்பது நாள் ஏற்கெனவே போயிடுச்சு.

சரி, நிர்வாகத்துல சொல்ற காரணங்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொண்ணா எடுத்துக்கிறேன். யாரையும் அவமானப்படுத்த இல்லை. தலைவர் ஐயாவும் செயலாளர் அண்ணனும் இந்தக் கோயிலுக்கு உழைச்சது எனக்குத் தெரியும். ஆனா இந்த விஷயத்துல அவங்க சொல்றது தப்பு. தப்பைத் தப்புன்னுதான் சொல்லணும்.

முதல் காரணம்: "தீட்டு."

ஸ்டோர்ல பூனை பிரசவம் ஆனா தீட்டாம். குருக்கள் ஐயாகிட்ட நேராப் போய்க் கேட்டேன். அவர் சிரிச்சிட்டு, "கருவறைப் பக்கமும் மடப்பள்ளிப் பக்கமும் வராமப் பார்த்துக்குங்க, மத்தது தண்ணி தெளிச்சாப் போதும்"னார். பூஜை பண்றவருக்கே இல்லாத தீட்டு நமக்கு எங்கிருந்து வந்தது? இன்னொண்ணும் யோசிச்சுப் பாருங்க. குட்டி பிறந்தது தீட்டுன்னா, அதைக் கொண்டு போய்ச் சாக விடறதுக்கு என்ன பேர்? பிறப்புத் தீட்டைக் கழிக்க இறப்புத் தீட்டைத் தேடிக்கிட்டுப் போறதா?

ரெண்டாவது: "அசுத்தம். அன்னதானச் சாமான் இருக்கிற இடம்."

இது நியாயமான பேச்சு, ஒத்துக்கிறேன். சாப்பாட்டு சாமான் பக்கத்துல பூனை இருக்கக் கூடாது. ஆனா அதுக்கு வழி குட்டியை வீசறது இல்லை. அரிசி மூட்டையைப் பக்கத்து அறைக்கு மாத்துறதுதான். எட்டு மூட்டை. நானும் ரெண்டு தம்பிங்களும் அரை மணி நேரத்துல மாத்திடுவோம். அப்படியே இதையும் கேளுங்க: அந்த ஸ்டோர்ல முன்னாடி எலி எவ்வளவு இருந்ததுன்னு மறந்து போச்சா? மூட்டையில ஓட்டை போட்டு, தேங்காயைக் குடைஞ்சு, திரி கட்டுக்குள்ள கூடு கட்டி. எலி மூத்திரத்துல வர காய்ச்சல் நம்ம நாட்ல எத்தனை பேரைப் படுக்க வச்சிருக்கு? மஞ்சு வந்தப்புறம்தான் எலிப்பொறி வைக்கிறதை நிறுத்தினோம். சம்பளம் இல்லாம வேலை பார்த்த தொண்டர் அது. "எலி பிள்ளையார் வாகனமாச்சே"ன்னு ஒரு அண்ணன் தமாஷ் பண்ணினார். சரிதான் அண்ணே, ஆனா பிள்ளையார் தன் வாகனத்தை நம்ம அரிசி மூட்டையில நிறுத்தச் சொல்லலையே.

தயவுசெஞ்சு ஒண்ணு: சுத்தம் பண்றேன்னு சொல்லி யாரும் அந்த மூலையில பினாயில் ஊத்தாதீங்க. பூனை உடம்புக்கு அது விஷம். கால்ல பட்டா நக்கும், நக்கினா உள்ளே போகும். கற்பூரப் பெட்டியும் பூச்சி உருண்டையும் அதே மாதிரிதான், அதுங்க பக்கத்துல இருக்கக் கூடாது. ரெண்டையும் நான் நேத்தே மேல் அலமாரிக்கு மாத்திட்டேன்.

மூணாவது: "இப்படி விட்டா கோயில் முழுக்க பூனை ஆயிடும்."

இங்கதான் எல்லாரும் கணக்குல தப்பு பண்றாங்க. குட்டிகளை எடுத்து வீசினா பூனை குறையும்னு நினைக்கிறீங்க. குறையாது, கூடும். குட்டி போன தாய்க்குப் பால் நின்னு போகும், நின்னதும் சீக்கிரத்துல மறுபடி சூடு வரும், அடுத்த ஈத்துக்குத் தயாராயிடும். பூனை சுமக்கிறது ஒன்பது வாரம்தான். போன வருஷம் நான் மூணு குட்டியைக் கொண்டு போய் விட்டேன். என்ன ஆச்சு? நாலு மாசத்துக்குள்ள மஞ்சு பின்பக்கத்து லோரிக்கு அடியில அடுத்த ஈத்து போட்டது. அதுல ஒண்ணுதான் இப்ப கேட் பக்கம் திரியுற அந்தச் சாம்பல் ஆண். இந்த வருஷம் இன்னும் நாலு. வீசிவீசித்தான் இவ்வளவு ஆச்சு. ஃபேக்டரியில ரிஜெக்ட் அதிகமாச்சுன்னா ரிஜெக்ட்டைக் குப்பையில போட்டுட்டு வேலை முடிஞ்சதுன்னு சொல்ல முடியுமா? மெஷினைப் பார்க்கணும் இல்லையா? இங்க பார்க்க வேண்டியது ஆபரேஷன். குட்டிங்க பால்குடி மறந்ததும் மஞ்சுவுக்குக் கருத்தடை பண்ணணும். அந்தச் சாம்பல் ஆணுக்கும் பண்ணணும். அப்பதான் கணக்கு முடியும். குட்டி பால் குடிக்கும்போதே தாய் மறுபடி சினை ஆகலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க, அதனால நாள் கடத்தவும் கூடாது. ரெண்டு ஆபரேஷனும் என் செலவு. கோயில் பணத்துல ஒரு காசு வேண்டாம்.

நாலாவது: "மனுஷனுக்கே இல்லை, பூனைக்கு என்ன?"

இதைச் சொன்னவர் நல்ல மனுஷர். ஆனா இந்தப் பேச்சை நான் நாப்பது வருஷமா கேட்கிறேன். தெருநாய்க்குச் சோறு வச்சா இதைச் சொல்வாங்க. தாமான் பிள்ளைங்களுக்கு டியூஷன் வைக்கலாம்னு சொன்னாலும், முதல்ல கோயில் கூரையைப் பார்ப்போம்பாங்க. இப்படிச் சொல்றவங்க மனுஷனுக்கு எவ்வளவு செஞ்சாங்கன்னு பார்த்தா அங்கயும் ஒண்ணும் இருக்காது. இரக்கம் அரிசி மூட்டை இல்லை, இங்க அள்ளினா அங்க குறையறதுக்கு. மஞ்சுவுக்கு நான் வைக்கிற தீனி ஒருத்தர் தட்டுல இருந்தும் எடுத்தது இல்லை.

அஞ்சாவது, இதுதான் உண்மையிலேயே கஷ்டமானது: "சைவக் கோயில். உள்ளே மீன் வைக்க முடியாது."

ஒத்துக்கிறேன். எனக்கும் அது சங்கடம்தான். பூனை சைவமா வாழ முடியாது, அது உடம்பு அமைப்பு அப்படி. பால் கொடுக்கிற தாய்க்கு வழக்கமா சாப்பிடறதைவிட ரெண்டு மடங்கு, மூணு மடங்குகூட தீனி வேணும். அன்னதானத்துல மிஞ்சின சாம்பார் சோத்தை வைக்கிறீங்களே, அதுல வெங்காயம், பூண்டு இருந்தா பூனைக்கு ஆகாது. அதனால நான் என்ன பண்ணினேன்னா, மதில் சுவருக்கு வெளியே, பழைய காவலாளி அறை இருக்கே, அங்க கடையில விக்கிற குட்டிப் பூனைத் தீனியும் தண்ணியும் வைக்கிறேன். தாய்க்கும் அந்தத் தீனிதான் நல்லதாம், சத்து அதிகம். நாசி லெமாக் கடை மக்சிக் தினமும் ஒரு வேக வச்ச மீன் துண்டு அங்க கொண்டு வந்து வைக்கிறாங்க. நான் கேட்கவே இல்லை. குட்டி போட்டிருக்குன்னு கேள்விப்பட்டு "கெசியான் லா, அனாக் கெச்சில்"ன்னு சொல்லிட்டு அவங்களே ஆரம்பிச்சாங்க. நம்ம கோயில் பூனைக்கு அவங்க சோறு வைக்கிறாங்க. நம்ம குரூப்ல நம்ம கட்டைவிரல் போடறோம். நினைச்சா வெட்கமா இருக்கு.

அப்ப குட்டிகளையும் அந்தக் காவலாளி அறைக்கே மாத்திடலாமேன்னு கேட்பீங்க. நானும் அதைத்தான் நினைச்சேன். அஞ்சாம் நாள் மாத்தினேன். பெட்டியில போட்டு நாலையும் கொண்டு போய் வச்சேன், மஞ்சுவும் பின்னாடியே வந்தது, முகர்ந்து பார்த்தது. சரியாப் போச்சுன்னு வீட்டுக்குப் போனேன். காலையில வந்து பார்த்தா நாலும் பழைய மூலையிலேயே இருக்கு. ராத்திரி மழையில, ஒவ்வொண்ணா கழுத்தைக் கவ்வி, மதில் சுவர் கேட்டுக்கு அடியில நுழைஞ்சு, நாலு தடவை போய் வந்திருக்கு. கடைசிக் குட்டி நனைஞ்சு கொஞ்சம் சில்லுன்னு இருந்தது. அன்னிக்குக் கத்துக்கிட்டேன். தாய் தேடிப் பிடிச்ச இடத்தை நம்ம வசதிக்கு மாத்தக் கூடாது. மாத்தியே ஆகணும்னா தாயையும் குட்டியையும் படுத்த துணியோட சேர்த்து, ஒண்ணா மாத்தி, கதவைச் சாத்தி, சில நாள் உள்ளேயே தீனி, தண்ணி, மண் தட்டு எல்லாம் கொடுத்துப் பழக்கணும். கதவு போடாம மாத்தினது என் தப்பு.

மழையில அது குட்டியைக் கவ்விட்டுப் போனதை நினைச்சப்போ, சமய வகுப்புல ஆசிரியர் சொன்னது ஞாபகம் வந்தது. வைணவத்துல குரங்குக்குட்டி நியாயம், பூனைக்குட்டி நியாயம்னு ரெண்டு சொல்வாங்க. குரங்குக் குட்டி தாயைத் தானே பிடிச்சுக்கணும். பூனைக்குட்டி ஒண்ணும் செய்ய வேண்டாம், தாயே கவ்விக்கிட்டுப் போகும். கடவுள் நம்மைக் காப்பாத்துறது பூனை குட்டியைக் காப்பாத்துற மாதிரின்னு தென்கலைக்காரங்க சொல்றது அதுதான். நம்ம பெரியவங்க கடவுளோட கருணைக்கே உதாரணமா எடுத்தது இந்த மிருகத்தைத்தான். திருவிளையாடல் புராணத்துல, தாயில்லாத பன்னிரண்டு பன்றிக்குட்டிகளுக்கு மதுரைச் சொக்கநாதரே தாய்ப் பன்றியா வந்து பால் கொடுத்தார்னு ஒரு படலம் இருக்கு. பன்றி, ஐயா. பூனைகூட இல்லை. சாமி பன்றியாகி முலை கொடுத்தார்னு கதை கேட்டுக் கண் கலங்குறோம், வெளியே வந்து பால் குடிக்கிற குட்டியைப் பெட்டியில போடறோம். இது எந்த பக்தின்னு எனக்குப் புரியலை.

இப்ப இன்னொரு பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. நல்ல மனசு உள்ளவங்க பக்கம். உங்ககிட்டயும் எனக்குக் கோபம் உண்டு, கோவிச்சுக்காதீங்க.

குரூப்ல அந்த மெசேஜ் வந்ததும் ஒரு தங்கச்சி தனியா எனக்கு எழுதினாங்க: "அண்ணே, நான் ரெண்டு குட்டியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் பாட்டில்ல பால் கொடுத்து வளர்க்கிறேன்." மனசு நல்ல மனசு. ஆனா தாய் உயிரோட, பக்கத்துலயே இருக்கும்போது குட்டியைப் பிரிக்கிறது உதவி இல்லம்மா. பிறந்த உடனே வர முதல் பால்லதான் நோய் எதிர்ப்புச் சக்தி இருக்கு, அது குடிச்சாச்சு, நல்லது. ஆனா இந்த வயசுல குட்டியைத் தனியா வளர்க்கணும்னா ரெண்டு மணி, மூணு மணிக்கு ஒரு தடவை, ராத்திரியும் பகலும் எழுந்து பால் கொடுக்கணும். ஒவ்வொரு தடவையும் ஈரத் துணியால துடைச்சு மூத்திரம் போக வைக்கணும். மனுஷக் குழந்தை மாதிரி மல்லாக்கப் படுக்க வச்சுக் கொடுத்தா பால் நெஞ்சுக்குள்ள போய்ச் சாகும், குப்புற வச்சுத்தான் கொடுக்கணும். சில்லிட்டுப் போன குட்டிக்குச் சூடு ஏத்தாம பால் கொடுக்கவே கூடாது. தாய் செத்துப் போச்சு, வேற வழியில்லைன்னா இதெல்லாம் செய்யலாம், செய்யறவங்களைக் கும்பிடுறேன். இங்க தாய் இருக்கு. நம்மளைவிட நூறு மடங்கு நல்லா செய்யுது. உங்க உதவியைத் தாய்க்குச் செய்ங்க, குட்டியை அது பார்த்துக்கும்.

அப்புறம் பால். அபிஷேகத்துக்கு வர பாக்கெட் பால்ல மிஞ்சினதைக் கொண்டு போய் தட்டுல ஊத்துறீங்க. பசும்பால் பூனைக்கு ஒத்துக்காது, வயித்தால போகும். பால் கொடுக்கிற தாய்க்கு வயித்தால போனா உடம்புத் தண்ணி வத்திப் போகும். குட்டிக்குக் கொடுத்தா இன்னும் மோசம். தாய்க்கு வேண்டியது நல்ல தண்ணியும் தீனியும்தான்.

பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து காட்டுறது, கையில எடுத்துப் படம் பிடிக்கிறது, டார்ச் லைட் அடிக்கிறது, இதையும் நிறுத்துங்க. மனுஷ வாசனை பட்டாத் தாய் ஒதுக்கிடும்னு சொல்றது பெரும்பாலும் கட்டுக்கதை. ஆனா தொல்லை கொடுத்தா இடம் மாத்தும். ட்ரெயின் குழிக்குள்ள கொண்டு போய் வச்சா அப்புறம் நம்ம என்ன பண்றது? குட்டிங்க கும்பலா, சூடா, சத்தமில்லாம தூங்குதுன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம். விடாமக் கத்துது, தொட்டா சில்லுன்னு இருக்குன்னா அப்பதான் கவலைப்படணும். தாய் ஒரு நாள் முழுக்க சாப்பிடலை, மடி சிவந்து கல்லு மாதிரி இருக்கு, பின்னாடி நாத்தம் அடிக்கிற கசிவு இருக்குன்னா உடனே எனக்குச் சொல்லுங்க, கிளினிக் கொண்டு போறேன். யாரும் வீட்ல இருக்கிற பாராசிட்டமோலை உடைச்சுக் கொடுத்துடாதீங்க. ஒரு மாத்திரை போதும், பூனை செத்துடும்.

ஒன்பது நாள் நான் தினமும் ஷிப்ட் முடிஞ்சதும் அஞ்சு நிமிஷம் தூரத்துல நின்னு பார்க்கிறேன். நாலு குட்டிக்கும் தனக்குன்னு ஒரு காம்பு இருக்கு. எங்க லைன்ல ஒவ்வொருத்தரும் தன் மெஷின் முன்னாடிதான் உட்காருவாங்களே, அதே மாதிரி. கண்ணே தெரியாது, ஆனா தடவித் தடவி தன் இடத்துக்குப் போகும். மஞ்சு ஒண்ணை நக்கும், அடுத்ததை நக்கும், தலையைத் தூக்கி என்னைப் பார்க்கும். முதல் ரெண்டு நாள் என்னைப் பார்த்ததும் காதை மடக்கிச் சீறினது. ஏன் சீறினதுன்னு எனக்குத் தெரியும். போன வருஷம் பெட்டி தூக்கினவன் இவன்தான்னு அதுக்கு ஞாபகம் இருக்கோ இல்லையோ, எனக்கு இருக்கு. இப்ப சீறறது இல்லை. நேத்து கண்ணை மெதுவா மூடித் திறந்தது. இன்னிக்குக் காலையில ஒரு குட்டிக்குக் கண்ணு கீறலா திறந்திருக்கு.

சட்டத்தைப் பத்தியும் சொல்லிடறேன், மிரட்டறதுக்கு இல்லை. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் நம்ம நாட்ல இருக்கு. விலங்கைக் கொடுமைப்படுத்தினா குறைஞ்சது இருபதாயிரம் வெள்ளி, அதிகபட்சம் ஒரு லட்சம் வெள்ளி அபராதம், இல்லைன்னா மூணு வருஷம் வரைக்கும் சிறை, இல்லைன்னா ரெண்டும். ஒரு கோயில் பேர் இப்படிப்பட்ட விஷயத்துல வெளியே வந்தா எப்படி இருக்கும்னு நிர்வாகம் யோசிக்கட்டும். ஆனா சட்டத்துக்குப் பயந்து செய்யணும்னு நான் கேட்கலை. அம்மன் சன்னதியில நிக்கிறவங்க செய்யணும்னு கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பசியாறல் முடிஞ்சதும் பத்து மணிக்குக் கூட்டம் இருக்கு. அதுல நான் கேட்கப் போறது இவ்வளவுதான்:

ஒண்ணு. ஸ்டோர்ல அந்த மூலையை எட்டு வாரம் முடியற வரைக்கும் விட்டுடுங்க. அரிசி மூட்டை, எண்ணெய், திரி எல்லாம் பக்கத்து அறைக்கு நான் மாத்தித் தரேன். திருவிழா பத்து நாளும் கூட்டம், மேளம், பட்டாசு எல்லாம் இருக்கும். ஸ்டோர் கதவு சாத்தி இருக்கட்டும், மஞ்சு போய்வர அளவுக்கு ஒரு சந்து மட்டும் வையுங்க. சாவி ஒண்ணு என்கிட்ட இருக்கட்டும். படுக்க ஒரு பக்கம் தாழ்வா வெட்டின அட்டைப்பெட்டி, பழைய வேட்டித் துணி, தினமும் துணி மாத்தறது, எல்லாம் என் பொறுப்பு.

ரெண்டு. எட்டு வாரம் ஆனதும் குட்டிகளுக்கு வீடு தேடுவோம். எங்க ஃபேக்டரியிலயே ரெண்டு பேர் கேட்டுட்டாங்க. மீதி ரெண்டுக்கு இந்தப் பதிவைப் படிக்கிற யாராவது கை தூக்குங்க. எடுக்கிறவங்க ஆபரேஷன் பண்ணுவேன்னு வாக்குக் கொடுக்கணும்.

மூணு. மஞ்சுவுக்கும் சாம்பலுக்கும் கருத்தடை. என் செலவு, மேல எழுதிட்டேன். அதுக்கப்புறம் மஞ்சு கோயில் பூனையா இருக்கட்டும். எலி பார்த்துக்கும்.

இதுல எதுவும் முடியாதுன்னு கூட்டம் முடிவு பண்ணினா, நான் சண்டை போட மாட்டேன். அன்னிக்கே என் வீட்ல கார் நிறுத்தற இடத்தை வலை போட்டு அடைச்சு, தாயையும் நாலு குட்டியையும் ஒண்ணா, அந்தத் துணியோட எடுத்துட்டுப் போயிடுவேன். வீட்ல சொல்லிட்டேன். முதல்ல முறைச்சாங்க, அப்புறம் "சின்ன மகன் தொட்டில் துணி மேல பெட்டியில இருக்கு, எடுத்துக்குங்க"ன்னாங்க. அவ்வளவுதான் அனுமதி.

ஆனா பாசாருக்கு மட்டும் போகாது. நான் இருக்கிற வரைக்கும் இன்னொரு மைலோ பெட்டி இந்தக் கோயில்ல இருந்து போகாது. அதைத் தூக்கணும்னா யாராவது என் முகத்தைப் பார்த்து, இந்த நாலையும் அங்க சாக விடறேன்னு வாய் திறந்து சொல்லிட்டுத் தூக்கட்டும். "விட்டுட்டு வந்துடுங்க"ன்னு மெல்லிசா எழுதாதீங்க. நம்ம விட்டுட்டு வர இடத்துல என்ன நடக்குதுன்னு நம்ம யாரும் நின்னு பார்க்கிறது இல்லை. நானும் பார்க்கலை. பார்க்காம வந்ததுதான் இன்னும் உறுத்துது.

பகிர நினைக்கிறவங்க பகிருங்க. திட்ட நினைக்கிறவங்க இங்கயே திட்டுங்க, தனியா வேண்டாம். உதவ நினைக்கிறவங்க ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாங்க, வந்து ஒரு வார்த்தை பேசுங்க. மூட்டை தூக்க வரவங்க எட்டரைக்கே வந்துடுங்க, பசியாறல் அங்கயே.

ஓம் சக்தி. எல்லா உயிரும் நல்லா இருக்கட்டும்.